கல்லாமேட்டில் நின்றவர்கள்

பியூலாவின் வேலை ஒப்பம் வைப்பது. காலை பத்து மணிக்குக் கண்ணாடித் தட்டின் முன்னால் உட்கார்ந்தால், மாலை ஐந்தே முக்காலுக்குள் ஏறத்தாழ அறுநூறு முறை வலது ஆட்காட்டி விரலை அதில் பதிப்பாள்.

தென்கரைப் போக்குவரத்து வாரியத்தில் ஓட்டுநர் இல்லாத பேருந்துகள் வந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. எந்தப் பேருந்து எந்த நிறுத்தத்தில் நிற்க வேண்டும், எந்த நிறுத்தம் தேவையில்லை என்பதையெல்லாம் நிறுத்தங்களில் இருந்த கேமராக்கள் வழியாகப் பார்த்துத் தடக்கணி என்ற இயந்திரம் முடிவு செய்தது. புகார்க் கடிதங்களுக்குப் பதில் எழுதுவதும் அதுதான். ஆனால் சட்டத்தில் ஒரு வரி இருந்தது. இயந்திரத்தின் எந்த முடிவும் ஒரு மனிதர் ஒப்பமிட்டால்தான் செல்லும். அந்த ஒரு வரிக்காகத் தூத்துக்குடி மண்டல அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் பதினொரு ஒப்ப உதவியாளர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

கண்ணாடித் தட்டில் இரண்டு கட்டங்கள். பச்சையில் ‘ஒப்பம்’. சாம்பல் நிறத்தில் ‘ஒப்பமில்லை’. சாம்பல் கட்டத்தை இதுவரை யாரும் தொட்டதில்லை. தொட்டால் விளக்கம் கேட்பார்கள், பதவி உயர்வு நின்றுவிடும் என்று ஒரு பேச்சு இருந்தது. பியூலாவின் பெயர் அடுத்த மாதக் கண்காணிப்பாளர் பட்டியலில் இருந்தது. பத்தொன்பது ஆண்டு சர்வீஸில் அவள் காத்திருந்த பட்டியல் அது.

ஒரு செவ்வாய்க்கிழமை திரையில் ஒரு கடிதத்தின் மூலப் படமே வந்து நின்றது. வழக்கமாகத் தடக்கணி கடிதத்தைச் சுருக்கி, பதிலோடு சேர்த்துக் கொடுத்துவிடும். மூலம் வந்தால், அதற்கு ஏதோ விளங்கவில்லை என்று பொருள். கோடு போட்ட நோட்டுத் தாளில் நீல மையில் எழுதியிருந்தது.

‘ஐயா, கல்லாமேடு உப்பள ஸ்டாப்பில் நாங்கள் பதினேழு பேர் தினமும் மதியம் ஒன்றரை மணிக்கு நிற்கிறோம். பஸ் நிற்காமல் போகிறது என்று ரெண்டு தடவை எழுதினோம். அந்த நேரத்தில் அங்கே பயணிகள் எவரும் இல்லை என்று ரெண்டு தடவையும் பதில் போட்டீர்கள். அப்படியானால் அங்கே நின்றது யார் என்று எழுதிச் சொல்லவும். இப்படிக்கு, பேச்சித்தாய்.’

பியூலா அதை இரண்டு முறை வாசித்தாள். முந்தைய பதில்களைத் திறந்து பார்த்தாள். இரண்டிலும் அவளுடைய ஒப்பம் இருந்தது. எப்போது வைத்தாள் என்று நினைவில்லை. எப்படி இருக்கும், அறுநூறில் ஒன்று.

கடிதத்துக்குக் கீழே தடக்கணியின் புதிய பதில் தயாராக இருந்தது: ‘குறிப்பிட்ட நேரத்தில் நிறுத்தத்தில் பயணிகள் எவரும் இல்லை. ஐந்து மாதங்களாகப் பயன்பாடு இல்லாததால் கல்லாமேடு நிறுத்தம் இம்மாத இறுதியில் நீக்கப்படுகிறது.’

பக்கத்து இருக்கை வேலாயுதம் எட்டிப் பார்த்தார். ஓய்வுபெற இரண்டு வருடம் இருப்பவர்.

“என்னம்மா, ஒரே தாள்ல நின்னுட்டீங்க?”

“இதப் படிங்கண்ணே.”

படித்தார். “யாரோ வெளையாடுதாவ. கேமரா பொய் சொல்லுமா?”

“பொய் சொல்லாது. ஆனா இந்தம்மா எதுக்குப் பொய் சொல்லணும்?”

அவர் தன் தட்டுக்குத் திரும்பினார். பியூலா அதை ‘நிலுவை’யில் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள். நிலுவையில் ஏழு நாள் வைக்கலாம்.

சனிக்கிழமை விடுமுறை. மதியம் ஒரு மணிக்கு அவள் கல்லாமேட்டில் போய் இறங்கினாள். சாலையின் இரண்டு பக்கமும் பாத்திகள். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை வெள்ளை. ஆங்காங்கே கூம்பு கூம்பாக உப்பு அம்பாரங்கள். வெயில் மேலிருந்து அடித்தது போதாதென்று கீழிருந்தும் எழும்பி அடித்தது. நிறுத்தத்தில் கூரை கிடையாது. ஒரு கம்பமும் அதன் தலையில் ஒரு கேமராவும் மட்டும்.

ஒன்றேகாலுக்கு வரப்பின் வழியே அவர்கள் வந்தார்கள். வெள்ளை முழுக்கைச் சட்டை, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், தலையையும் முகத்தையும் சேர்த்துச் சுற்றிய வெள்ளைத் துணி, கண்ணுக்குக் கருப்புக் கண்ணாடி. யார் முதியவர், யார் இளையவர் என்றுகூடச் சொல்ல முடியவில்லை. கையில் தூக்குவாளியோடு வந்தவரிடம் பியூலா தான் யாரென்று சொன்னாள்.

துணிக்குள்ளிருந்து குரல் வந்தது. “ஆபீஸ்ல இருந்தா வந்திருக்கீய? நாந்தான் பேச்சித்தாய். பதிலு வரும்னு பாத்தேன். ஆளே வரும்னு நினைக்கலியே!”

“உண்மையாவே நிக்காமப் போகுதாக்கா?”

“டிரைவர் இருந்தப்போ கையக் காட்டுனா நிப்பாட்டுவாரு. இந்தத் தடத்துல ஆளில்லாத வண்டி வந்து அஞ்சு மாசமாச்சு. அன்னையில இருந்து நடைதான். பொட்டல்விளை வரைக்கும் ஆறு கிலோமீட்டர். போன மாசம் எங்க சண்முகக்கனி நடக்கையிலே சுருண்டு விழுந்துட்டா. ஒம்பது நாளு ஆஸ்பத்திரியில கெடந்தா. இப்பமும் வேலைக்கு வரல.”

“போன்ல பதிவு பண்ணினா நிக்குமே?”

“உப்புத் தண்ணி போனத் தின்னுரும் தாயி. யாரும் அளத்துக்குக் கொண்டாரதில்ல.”

பேருந்து தூரத்தில் தெரிந்தது. பியூலா கம்பத்தின் அருகே நின்றாள். பேருந்து வேகம் குறைத்து, அவளுக்கு நேராக வந்து நின்றது. பெண்களால் நம்ப முடியவில்லை. “பஸ்ஸு நிக்கி, நிக்கி!” என்று ஒரு குரல் கத்தியது. பியூலா படியேறினாள். பேச்சித்தாய் பின்னால் வந்து படியில் கால் வைப்பதற்குள், “ஒரு பயணி ஏறினார், கதவு மூடுகிறது” என்று இனிமையான குரல் சொன்னது. கதவு மூடியது. பேருந்து கிளம்பியது.

கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்தாள். பதினேழு வெள்ளை உருவங்கள் அசையாமல் நின்றன. அவர்கள் கத்தவில்லை, ஓடிவரவும் இல்லை. அதைத்தான் பியூலாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. சிவப்பு அவசரப் பொத்தானை உள்ளங்கையால் அறைந்தாள். இருநூறு அடி தள்ளிப் பேருந்து நின்று கதவு திறந்தது. அவள் வெளியே தலை நீட்டி, “வாங்க, ஓடி வாங்க!” என்று கூவினாள்.

பூட்ஸ் தடதடக்க ஓடி வந்து ஏறினார்கள். மூச்சு வாங்க உட்கார்ந்தார்கள். முன்னால் இருந்த சிறிய திரையில், ‘பயணிகள்: 1’ என்றே இருந்தது.

“அந்த நம்பரப் பாருங்க” என்றாள் பியூலா.

பேச்சித்தாய் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மெதுவாக முகத்துணியை அவிழ்த்தார். ஐம்பது வயதைத் தாண்டிய, கருத்துக் காய்ந்த முகம். திரையில் எண் இரண்டானது. பக்கத்தில் இருந்தவள் அவிழ்த்தாள். மூன்று. ஒருவர் பின் ஒருவராக முகங்கள் வெளியே வந்தன. ஏழு. பன்னிரண்டு. பதினெட்டில் வந்து நின்றது.

 பேச்சித்தாய் திரையைப் பார்த்தபடியே கேட்டார். “அப்போ மூஞ்சி தெரிஞ்சாத்தான் மனுசியா?”

திங்கட்கிழமை காலை பியூலா நிலுவையைத் திறந்தாள். பதில் அப்படியே காத்திருந்தது. சாம்பல் கட்டத்தில் விரலைப் பதித்தாள்.

தட்டு சிறிதாக அதிர்ந்தது. அப்படி ஓர் அதிர்வு அதற்கு உண்டு என்பதே அவளுக்குத் தெரியாது. ‘காரணம்?’ என்று கேட்டது. மூன்று சொற்களை அடித்தாள்: ‘நானும் அங்கே நின்றேன்.’

அரை மணி நேரத்தில் மண்டல மேலாளர் சங்கரநயினார் கூப்பிட்டனுப்பினார். கெட்ட மனிதர் அல்ல. பிரச்சினை இல்லாமல் நாளைக் கடத்த வேண்டும் என்று நினைப்பவர், அவ்வளவுதான்.

“என்ன பியூலா இது? மூணு வருசத்துல இந்த ஆபீஸ்ல ஒரு ‘ஒப்பமில்ல’ கெடையாது. தலைமை அலுவலகத்துல இருந்து மூணு போன் வந்துட்டு.”

“சார், அங்க பதினேழு பேர் நிக்காங்க. நான் பாத்தேன்.”

“நீங்க பாத்தது உங்க சொந்தப் பார்வை. கேமராப் பதிவு ஆவணம்.”

“என் ஒப்பமும் ஆவணம்தான் சார். யாருமில்லன்னு நான் ரெண்டு தடவ எழுதிக் கொடுத்திருக்கேன். மூணாவது தடவ எழுத மாட்டேன்.”

அவர் நாற்காலியில் சாய்ந்தார். “உங்க பேரு பட்டியல்ல இருக்கு. நெனப்பிருக்குல்லா? இத வாபஸ் வாங்கிருங்க. முகத்துணிய எடுத்துட்டு நிக்கணும்னு அந்த ஸ்டாப்புல ஒரு அறிவிப்பு ஒட்டிருவோம். முடிஞ்சுது.”

“அந்த வெயில்ல துணி இல்லாம நிக்க முடியாது சார்.”

“பத்து நிமிசந்தான?”

“பத்து நிமிசந்தான். நீங்க வந்து நின்னு பாருங்க. ஒப்பம் மறுத்தா ஏழு நாளைக்குள்ள நேரடி ஆய்வு நடத்தணும்னு விதியில இருக்கு. மேலாளர் நேர்ல வரணும்.”

அவர் விதிப் புத்தகத்தை எடுக்கச் சொல்லவில்லை. பியூலா பொய்யான விதி சொல்ல மாட்டாள் என்பது அவருக்குத் தெரியும். அவள் வாபஸ் வாங்கவில்லை. மறுநாள் கண்காணிப்பாளர் பட்டியல் திருத்தப்பட்டு வந்தது. அவள் பெயர் இருந்த இடத்தில் வேறொரு பெயர் இருந்தது. வேலாயுதம் அதைப் பார்த்துவிட்டு எழுந்து போய் அவளுக்கு ஒரு டீ வாங்கி வந்து வைத்தார். அவள் குடிக்கவில்லை. அது ஆறிப்போய் ஆடை கட்டும்வரை அவளுடைய விரல் வழக்கம்போல வேலை செய்தது. ஆனால் அன்று ஒவ்வொரு தாளையும் வாசித்தாள். மாலைக்குள் நூற்றுப்பத்துதான் முடிந்தது.

வியாழக்கிழமை மதியம் ஒன்றேகாலுக்கு வாரியத்தின் கார் கல்லாமேட்டில் வந்து நின்றது. மேலாளர், பியூலா, தடக்கணியைப் பராமரிக்கும் பொறியாளர் ரெஹானா ஆகிய மூவரும் இறங்கினார்கள். ரெஹானாவின் கையில் ஒரு பலகைக் கணினி. கேமரா பார்ப்பதெல்லாம் அதில் தெரிந்தது. கம்பத்தருகே நின்ற மூவரையும் சுற்றி மூன்று பச்சைக் கட்டங்கள், எண்ணிக்கை மூன்று.

வரப்பிலிருந்து பேச்சித்தாயும் மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். எண்ணிக்கை மூன்றிலேயே நின்றது.

ரெஹானா திரையை உற்றுப் பார்த்தார். “இது முதல்ல முகத்தைத் தேடும் சார். கிடைக்கலைன்னா தோளு, கை, நடையை வெச்சு ஆளுன்னு கண்டுபிடிக்கும். ஆனா இங்க பின்னாடி முழுக்க வெள்ளை, இவங்க துணியும் வெள்ளை. கம்பம், மூட்டைன்னு எடுத்துக்குது. இதுக்குப் பழக்கின படங்கள்ல உப்பளத்து ஆளுங்க ஒருத்தர்கூட இருந்திருக்க மாட்டாங்க.”

“கெட்டுப் போயிருக்கா?”

“இல்ல சார். நாங்க காட்டினதை மட்டும் பார்க்குது.”

மேலாளர் பேச்சித்தாய் பக்கம் திரும்பினார். “சரிம்மா, சரி பண்ணுறதுக்குக் கொஞ்ச காலம் ஆகும். அதுவரைக்கும் பஸ் வாரப்போ துணிய எடுத்துட்டு நில்லுங்க. நாங்கெல்லாம் நிக்கலையா?”

“இப்பந்தான வந்தீய சார்” என்றார் பேச்சித்தாய். “வண்டி வர இன்னும் பத்து நிமிசம் இருக்கு. அது வரைக்கும் நீங்களும் நில்லுங்க. ஒங்களால முடிஞ்சா நாங்களும் அவுத்துருதோம்.”

மேலாளர் நின்றார். மூன்றாம் நிமிடத்தில் கண்ணைச் சுருக்கினார். ஐந்தாம் நிமிடத்தில் முன்நெற்றியில் கை வைத்தார். வெள்ளைத் தரையிலிருந்து எழுந்த ஒளி தாடைக்குக் கீழே சுட்டது. ஏழாம் நிமிடத்தில் பையிலிருந்து கருப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். ஒன்பதாம் நிமிடத்தில், தான் என்ன செய்கிறோம் என்ற நினைவே இல்லாமல், வியர்வை துடைக்கத் தோளில் போட்டிருந்த வெள்ளைத் துண்டை எடுத்துத் தலையையும் கன்னத்தையும் சேர்த்துச் சுற்றி மூக்கு வரை இழுத்துவிட்டார்.

பியூலாவும் ரெஹானாவும் காரின் நிழலுக்குப் போயிருந்தார்கள். ரெஹானா மெல்லச் சொன்னார். “மேடம், இங்க பாருங்க.”

எண்ணிக்கை பூஜ்யம்.

பேருந்து வந்தது. மேலாளர் ஒரு அடி முன்னால் வைத்துக் கையைக் காட்டினார். பேருந்து வேகம் குறைக்கவில்லை. அவருடைய வெள்ளைச் சட்டையைப் படபடக்க வைத்துவிட்டு நேரே போனது.

“ஏய்! நிப்பாட்டு! நான் மண்டல மேலாளர்!” என்று கத்திக்கொண்டு அவர் பத்தடி ஓடினார். வெறும் சாலையைப் பார்த்து நின்றார். திரும்பினார். பதினேழு பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி மட்டும் துணிக்குள் களுக்கென்று சிரித்துவிட்டாள். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. கடைசியில் பேச்சித்தாயும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மேலாளர் துண்டை அவிழ்த்தார். முகம் சிவந்திருந்தது, வெயிலாலா வேறெதனாலா தெரியவில்லை. துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டே, “அஞ்சு மாசமாவாம்மா?” என்று கேட்டார்.

“அஞ்சு மாசமா சார்.”

ஆய்வறிக்கையை அங்கேயே, காரின் முன்பக்கத்தில் வைத்து எழுதினார். முதல் வரியைப் பியூலா எட்டிப் பார்த்தாள். ‘இன்று மதியம் 1.30 மணிக்கு நான் கல்லாமேட்டில் நின்றேன். பேருந்து என்னைக் காணவில்லை.’ அன்று பதினேழு பேரையும் வாரியத்தின் காரிலேயே மூன்று நடையாகப் பொட்டல்விளைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மேலாளர் கடைசி நடைவரை வெயிலில் காத்திருந்தார்.

அடுத்த நாளே கல்லாமேட்டில் எண்ணிக்கை எதுவாக இருந்தாலும் பேருந்து நிற்க வேண்டும் என்ற ஆணை வந்தது. ரெஹானாவின் குழு உப்பளத்திலேயே இரண்டு வாரம் தங்கி, அந்தப் பெண்கள் நிற்பதையும் நடப்பதையும் தடக்கணிக்குக் காட்டியது. கற்றுக்கொண்ட தடக்கணியிடம் மூன்று வருடப் பழைய பதிவுகளை மீண்டும் எண்ணச் சொன்னார்கள். ஒரு வாரம் எண்ணியது. செங்கல் சூளை நிறுத்தங்கள், உடம்பெல்லாம் கரித்தூள் படிய விறகை மூட்டம் போட்டுக் கரி எடுக்கிற ஊர்கள், தலைச்சுமை மீன்காரிகள் நிற்கிற கடற்கரைத் திருப்பங்கள் என எங்கெங்கோ இருந்து ஆட்கள் எழுந்து வந்தார்கள். ‘பயன்பாடு இல்லை’ என்று நீக்கப்பட்ட அறுபத்து மூன்று நிறுத்தங்களில் மூன்று வருடமும் மனிதர்கள் நின்றிருந்தார்கள்.

அந்த அறுபத்து மூன்றில் நாற்பத்து நான்கு நீக்க ஆணைகளில் பியூலாவின் ஒப்பம் இருந்தது. பட்டியலை அவள் முழுக்க வாசித்தாள். ஒவ்வொரு ஊரின் பெயரையும் உதடசைத்து வாசித்தாள். கண் கலங்கியது, ஆனால் நிறுத்தவில்லை. திரும்பத் திறக்கும் ஆணைகள் வந்தபோது மேலாளர் சொன்னார். “இது எல்லாத்துக்கும் நீங்கதான் ஒப்பம் வைக்கணும்.” அறுபத்து மூன்று முறை பச்சைக் கட்டத்தில் விரலைப் பதித்தாள். அத்தனை வருடத்தில் விரல் வலித்தது அன்றுதான். அந்த வலி பிடித்திருந்தது.

கடைசி ஆணை முடிந்த நேரம் பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு அதிர்வு கேட்டது. வேலாயுதத்தின் விரல் சாம்பல் கட்டத்தில் இருந்தது. “ஆலங்குளம் பக்கத்துல ஒரு பள்ளிக்கூட ஸ்டாப்பும்மா. எனக்குச் சந்தேகமா இருக்கு. போய்ப் பாத்துட்டு வாரேன்” என்றார். அந்த வாரம் இரண்டாம் மாடியில் ஒன்பது முறை தட்டுகள் அதிர்ந்தன. அடுத்த மாதம் மற்ற மண்டலங்களிலும் அதிர்ந்தன. ஒரு நாளைக்கு நூறு தாளுக்கு மேல் ஒருவருக்குக் கொடுக்கக் கூடாது என்று வாரியம் விதி எழுதியது. ஒப்ப உதவியாளர்கள் பதினொரு பேர் போதவில்லை. இன்னும் ஐம்பது பேரை எடுத்தார்கள். அவர்களுக்குக் கண்காணிப்பாளராகப் பியூலாவைப் போடுவதைப் பற்றி யாரும் விவாதிக்கவில்லை.

ஆனால் பேச்சித்தாயின் கடிதத்துக்கு இன்னும் பதில் போகவில்லை. நின்றது யார் என்று அவர் கேட்டிருந்தார். அதைப் பியூலா தன் கையாலேயே எழுத நினைத்தாள். கடிதத்தின் தேதிக்குரிய பதிவைத் தடக்கணியிடம் கேட்டாள். பதில் உடனே வந்தது. ‘நின்றவர்கள்: 18.’

பதினேழுதானே? மறுபடி எண்ணச் சொன்னாள். பதினெட்டு. அதற்கு முந்தைய நாளும், அதற்கும் முந்தைய நாளும் அதேதான்.

மதியம் கல்லாமேட்டுக்குப் போனாள். புதிதாகக் கூரை போட்டிருந்தார்கள். அதன் நிழலில் இருந்த பேச்சித்தாயிடம் சொன்னாள். “அக்கா, மிசின் பதினெட்டுன்னு சொல்லுது. இன்னும் சரியாகல போல.”

“பதினேழுதான் தாயி. நாந்தான எண்ணுனேன்.” பேச்சித்தாய் விரலை மடக்கி ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டு வந்தார். பதினேழாவது பெயரோடு நிறுத்தினார். அப்போது அவர் பார்வை கூரைக்கு வெளியே, நாற்பதடி தள்ளி இருந்த உப்பு அம்பாரத்தின் பக்கம் போனது. அங்கே இன்னொரு வெள்ளைத் துணி உருவம் தனியாக நின்றது.

பேச்சித்தாய் கையை இறக்கினார்.

“அது யாருக்கா?”

“வடக்க இருந்து வந்த புள்ள. ஆறேழு மாசமா வருது. நம்ம பாஷ தெரியாது. ஒதுங்கியே நிக்கும், நாங்க நடந்தா பின்னாலயே நடக்கும்.” அவர் குரல் தாழ்ந்தது. “இப்ப பஸ் நிக்கி. அப்பயும் அது ஏறாது. எங்களுக்கு மட்டுந்தான் நிக்கின்னு நெனச்சிருக்கும். நாங்களும்… கூப்பிடல தாயி.”

 அன்று அவசரப் பொத்தானை அறைந்து “வாங்க” என்று கூவியபோது, அவளும் அந்தப் பெண்ணைப் பார்க்கவில்லை.

பேச்சித்தாய் எழுந்து வெயிலுக்குள் நடந்தார். உருவம் பயந்து ஒரு அடி பின்வாங்கியது. பேச்சித்தாய் தன் முகத்துணியை அவிழ்த்துவிட்டுச் சிரித்தார். தன் மார்பைத் தொட்டு, “பேச்சி” என்றார். பிறகு கையை நீட்டி, “நீ?”

சிறிது நேரம் கழித்துத் துணி விலகியது. இருபது வயதுகூட ஆகாத முகம். “சுனாமணி” என்றாள். “சுனாமணி மாஜி.”

“என்னது, சுனாமியா?” என்று கூரையிலிருந்து ஒருத்தி கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். என்னவென்று புரியாமலே அந்தப் பெண்ணும் சிரித்தாள். பேச்சித்தாய் அவள் கையைப் பிடித்துக் கூரைக்குள் அழைத்து வந்தார்; மற்றவர்கள் நகர்ந்து இடம் கொடுத்தார்கள்.

பியூலா மடியில் தாளை விரித்து, மேலே ‘நின்றவர்கள்’ என்று எழுதி, கீழே ஒன்று என்று எண் இட்டாள். “உங்க பேரு முதல்ல வரட்டும் அக்கா. கேட்டது நீங்கதான.”

“வேண்டாம்” என்றார் பேச்சித்தாய். “மொதல்ல அவ பேர எழுது.”